மடிக்கணினியில் கேம் பதிவு ஏன் திக்குகிறது?

கார்ப் பந்தய கேம் ஒன்றை மடிக்கணினியில் விளையாடும்போது திரையில் எந்தத் தடங்கலும் தெரிவதில்லை. சாலையோர விளக்குக் கம்பங்கள் வழுக்கிக்கொண்டு பின்னே ஓடுகின்றன. அதே ஆட்டத்தின் பதிவைப் பிறகு ஓடவிட்டுப் பார்த்தால், அந்தக் கம்பங்கள் விட்டு விட்டுக் குதிக்கின்றன. முதன்முதலில் இதைக் கண்டபோது, வீடியோவின் தரம் போதவில்லை என்று எண்ணி பிட்ரேட்டை, அதாவது வினாடிக்குப் பதிவாகும் தகவலின் அளவை, இரட்டிப்பாக்கினேன். படம் இன்னும் தெளிவானது. குதிப்பு அப்படியே இருந்தது. தெளிவும் சீர்மையும் வெவ்வேறு பண்புகள் என்பது அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. தெளிவு, ஒரு ஃபிரேமில், அதாவது வீடியோவின் ஒரு தனிப் படத்தில், எவ்வளவு விவரம் தங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சீர்மை, அடுத்த ஃபிரேம் உரிய நேரத்தில் வந்து சேர்ந்ததா என்பதைப் பொறுத்தது.

வினாடிக்கு 60 ஃபிரேம் பதிவு செய்வதென்றால், ஒரு ஃபிரேமுக்கான அவகாசம் 16.67 மில்லிவினாடி. கேம் காட்சியை வரைகிறது. ஓபிஎஸ் ஸ்டூடியோ (சுருக்கமாக ஓபிஎஸ்) போன்ற பதிவு மென்பொருள் அதைப் பிடித்து, வெப்கேம் படம், எழுத்துகள் ஆகியவற்றுடன் ஒன்றாக்கி, நிற வடிவத்தை மாற்றுகிறது. என்கோடர் அதைச் சுருக்குகிறது. கடைசியில் அது வட்டில் எழுதப்படுகிறது. கைமாற்றிக் கைமாற்றிச் செங்கல் ஏற்றும் ஆட்களைப் போல, ஒவ்வொரு கட்டமும் தன் பங்கை அந்த 16.67 மில்லிவினாடிக்குள் முடித்தாக வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் ஒரு செங்கல் கீழே விழும், அதாவது ஒரு ஃபிரேம் தவறும்.

சுருக்காமலேயே எழுதிவிடலாமே என்ற கேள்விக்கு எளிய கணக்கே பதில் சொல்லிவிடும். 1920 × 1080 திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 3 பைட் வீதம் வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால், வினாடிக்குச் சுமார் 373 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 1.3 டிபிக்கும் மேல். மனிதக் கண் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கூர்மையாகவும் நிறத்தின் ஏற்ற இறக்கத்தைச் சற்று மந்தமாகவும் உணர்வதால், நிறத் தகவலை நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகக் குறைத்து இந்த அளவை முதலிலேயே பாதியாக்கிவிடுகிறார்கள். கறுப்புப் பின்னணியில் இருக்கும் சின்னஞ்சிறு சிவப்பு எழுத்து பதிவில் கசிந்தாற்போல் தெரிவதற்கு இதுவே காரணம்.

எஞ்சிய சுமையை இறக்குவது என்கோடர். 2003-இல் வெளியான ஹெச்.264 தரமுறையும் அதன் வழிவந்தவையும் ஒவ்வொரு ஃபிரேமையும் புதிதாக எழுதுவதில்லை. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ‘இந்தக் கட்டம் முந்தைய ஃபிரேமில் எங்கே இருந்தது’ என்று தேடுகின்றன. கம்பம் இடப்பக்கம் 40 புள்ளி நகர்ந்திருந்தால், அந்த நகர்வையும் மீந்த சிறு வேறுபாட்டையும் மட்டும் எழுதினால் போதும். இந்தத் தேடல்தான் அதிக உழைப்பைக் கேட்கிறது. சுவரை ஒட்டி நடக்கும் காட்சியில் பொருத்தம் உடனே கிடைத்துவிடும்; மழை, புகை, காற்றில் அலையும் புல் ஆகியவற்றில் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் தகவல் பெருகிவிடும்.

பிட்ரேட் முறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். நேரலைக்குப் பழகியவர்கள் நிலையான பிட்ரேட்டையே பதிவுக்கும் வைத்துவிடுகிறார்கள். அந்த முறை அமைதியான காட்சியில் இடத்தை வீணாக்குகிறது. புல்வெளியில் ஓடும்போது தகவலுக்கு இடம் கொடுக்காமல் படத்தைக் கட்டம் கட்டமாக உடைக்கிறது. உள்ளூர் வட்டில் பதியும்போது இணைய வேகம் ஒரு தடையே இல்லை என்பதால், தரத்தை நிலையாக வைத்து அளவை மாறவிடும் சிக்யூபி அல்லது சிஆர்எஃப் முறையே பொருத்தமானது. அதன் எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். 20 முதல் 23 வரையிலான எண் பெரும்பாலான கேம்களுக்குப் போதும். ஒரு பதிவின் சராசரி 20 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 20 மெகாபிட்) என்று அமைந்தால், அது வினாடிக்கு 2.5 எம்பி, மணிக்கு 9 ஜிபி மட்டுமே. எனவே வட்டின் வேகம் குறித்துப் பலரும் படும் கவலை பெரும்பாலும் தேவையற்றது.

அடுத்த முடிவு, இந்தத் தேடலை எந்தச் சில்லிடம் ஒப்படைப்பது என்பது. எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடர் சிபியுவில் ஓடுகிறது. கேமும் அதே சிபியுவைத்தான் நம்பியிருக்கிறது. 2011-இல் இன்டெல் தன் ப்ராசசர்களில் குயிக் சிங்க் என்ற தனிச் சுற்றைச் சேர்த்தது. மறு ஆண்டில் என்விடியாவின் என்வென்க் வந்தது. ஏஎம்டியும் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. இவை சுருக்கும் வேலைக்காகவே செதுக்கப்பட்டவை. காட்சியை வரையும் பகுதிகளிடம் வேலை வாங்குவதில்லை. மடிக்கணினியில் கேம் பதிவு செய்பவருக்கு வன்பொருள் என்கோடரே சரி என்று தயக்கமின்றிச் சொல்வேன். அதிலும், வரவிருக்கும் ஃபிரேம்களை முன்கூட்டியே ஆராயும் லுக்-அஹெட் போன்ற கூடுதல் வசதிகள் வரையும் பகுதிகளிடம் போய்க் கை நீட்டுவதால், அவற்றை அணைத்துவைப்பது நல்லது.

வன்பொருள் என்கோடரை வைத்தபின்னும் பதிவு திக்கினால், என்கோடர் மீது பழி போடக் கூடாது. படங்களை ஒன்றாக்குவதையும் நிறம் மாற்றுவதையும் ஓபிஎஸ் அதே கிராபிக்ஸ் சில்லின் வரையும் பகுதிகளில்தான் செய்கிறது. கேம் அந்தச் சில்லை 99 சதவீதம் பிடித்துக்கொண்டிருந்தால், ஓபிஎஸ் வரிசையில் காத்திருக்க நேர்கிறது. விளையாடுபவரின் திரையில் குறை தெரியாமல் பதிவில் மட்டும் தெரிவதன் மர்மம் இதுதான்: கேம் தன் பங்கை முழுதாக எடுத்துக்கொண்டது, பதிவுக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் சாளரம் இதைப் பிரித்துக் காட்டும். ‘ரெண்டரிங் லேக்’ என்ற எண்ணிக்கை ஏறினால் கிராபிக்ஸ் சில்லில் இடம் போதவில்லை. ‘என்கோடிங் லேக்’ ஏறினால் சுருக்கும் வேலை பின்தங்குகிறது. முதலாவதற்கு கேமின் நிழல், பிரதிபலிப்புத் தரத்தைக் குறைக்க வேண்டும். விண்டோஸில் ஓபிஎஸ்ஸை நிர்வாகி உரிமையுடன் திறந்தால் சில்லில் அதற்கு முன்னுரிமையும் கிடைக்கும். இரண்டாவதற்கு என்கோடரின் வேகமான ப்ரீசெட்டை (முன்பே வகுத்துவைத்த அமைப்பை) தேர்ந்தெடுக்கலாம், அல்லது பதிவை 720பிக்கு இறக்கலாம். அதில் புள்ளிகள் 44 சதவீதமாகக் குறைகின்றன. எந்த எண் ஏறுகிறது என்று பார்க்காமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருப்பது, நோய் தெரியாமல் மருந்து விழுங்குவதற்கு ஒப்பானது.

ஃபிரேம் வேகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கேம் வினாடிக்கு 45 ஃபிரேம் தர, பதிவு 60 என்று அமைந்திருந்தால், மூன்று படங்கள் நான்கு இடங்களை நிரப்ப வேண்டும். ஆகவே ஒரு படம் இருமுறை எழுதப்படுகிறது. கம்பம் 0, 40, 80 என்று நகர்ந்து, மறுபடியும் 80-இலேயே நின்று, பிறகு 120-க்குப் போகிறது. இந்தச் சிறு நிறுத்தம் வினாடிக்கு 15 முறை நிகழ்வதையே கண் குதிப்பாக உணர்கிறது. கோப்பின் விவரத்தில் 60 என்று எழுதியிருப்பது அதில் 60 வெவ்வேறு படங்கள் உள்ளன என்பதற்குச் சான்றாகாது. வேகம் கூடினாலும் இதே சிக்கல் வரும்: வினாடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படும் 144 ஹெர்ட்ஸ் திரையோடு ஒட்டி ஓடும் கேமை 60-இல் பதியும்போது, 144-ஐ 60 முழுதாக வகுக்காததால், இரண்டாவது படம் ஒருமுறை, மூன்றாவது படம் ஒருமுறை என்று தாறுமாறாகப் பொறுக்கப்படுகிறது. கேமை 60-இலோ 120-இலோ கட்டிவைத்தால் பொறுக்கல் சீராகிவிடும். 60-இல் கட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு: கிராபிக்ஸ் சில்லுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது, ஓபிஎஸ்ஸுக்கு அது போதும். 60-ஐ நிலையாகத் தாங்க முடியாத மடிக்கணினியில் கேமையும் பதிவையும் 30-இல் வைப்பதே மேல். தள்ளாடும் 60-ஐவிட ஒரே தாளத்தில் ஓடும் 30 கண்ணுக்கு இதமானது.

மடிக்கணினிக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. பல மாடல்களில் இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள் இருக்கின்றன: சிக்கனமானது ப்ராசசருக்குள், வலுவானது தனியாக. கேம் ஒன்றிலும் ஓபிஎஸ் மற்றொன்றிலும் ஓடினால், கேமின் படத்தை நேரடியாகப் பிடிக்கும் ‘கேம் கேப்சர்’ முறையில் கறுப்புத் திரை மட்டுமே பதிவாகக்கூடும். விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் இரண்டையும் வலுவான சில்லுக்கே ஒதுக்கிவிட்டால் இது தீரும். கோப்பு வடிவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வழக்கமான எம்பி4 கோப்பின் அட்டவணை பதிவை முடிக்கும்போதுதான் எழுதப்படுகிறது என்பதால், நடுவில் கணினி அணைந்தால் ஒரு மணி நேர ஆட்டமும் திறக்காமல் போய்விடும். எம்கேவி என்ற கோப்பு வடிவத்தில் பதிந்து, பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். மறுபடி சுருக்குவதில்லை என்பதால் தரம் குறையாது.

இரண்டாவது சிக்கல், வெப்பம். மெல்லிய உடலுக்குள் சிபியுவும் கிராபிக்ஸ் சில்லும் பெரும்பாலும் ஒரே செப்புக் குழாய்களையும் மின்விசிறிகளையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று சூடேறினால் மற்றதன் வெப்பம் வெளியேற வழி குறைகிறது. எல்லையைத் தொட்டதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதுவரை 12 மில்லிவினாடியில் முடிந்த வேலை 18-ஐத் தொடும், 16.67 என்ற கெடு தவறிவிடும். சார்ஜரைச் செருகாமல் பேட்டரியில் விளையாடினால் மின்சார வரம்பே இந்த வேகத்தைத் தொடக்கத்திலிருந்து குறைத்துவிடுகிறது. இதனால்தான் ஒரு நிமிடச் சோதனைப் பதிவை நம்பி நான் பலமுறை ஏமாந்தேன்: முதல் பத்து நிமிடம் பிசிறில்லாமல் ஓடி, கடைசிச் சுற்றில், மின்விசிறி இரைச்சலின் உச்சத்தில், கம்பங்கள் மீண்டும் குதிக்கத் தொடங்கியிருக்கும். இப்போது மடிக்கணினியின் பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, சார்ஜரைச் செருகி, கேமிலேயே மிகக் கனமான தடத்தில் இருபது நிமிடம் ஓட்டிப் பதிகிறேன். இருபதாம் நிமிடத்திலும் ஸ்டாட்ஸ் சாளரத்தின் இரு எண்களும் பூஜ்யத்தில் நின்றால்தான் அந்த அமைப்பைச் சேமித்துவைக்கிறேன்.