‘ஷரெட்’: வண்டியிலிருந்து வரைபடத்துக்கு வந்த சொல்

நகரத் திட்ட அறிக்கைகளைப் படிக்கிறவர்கள் ‘டிசைன் ஷரெட்’ என்ற சொல்லில் ஒரு நாள் முட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாது. நொடித்துப்போன பழைய கடைவீதி ஒன்றைச் சீரமைக்கப் போகிறோம், அதற்காக ஊர்மக்களோடு ஷரெட் நடத்தினோம் என்று எழுதியிருப்பார்கள். அகராதியைப் புரட்டினால் ‘சிறு வண்டி’ என்று இருக்கும். பிரெஞ்சுச் சொல். திட்ட அறிக்கையிலோ, மக்களோடு கூடித் திட்டம் வரைவதற்குப் பெயர் அது.

வண்டி எப்படி உள்ளே வந்தது? 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் எகோல் தெ போஸார் பள்ளியில் கட்டடக்கலை படித்த மாணவர்கள், குறித்த நேரத்துக்குள் வரைபடங்களை ஒப்படைத்தாக வேண்டும். அவற்றை வாரிக்கொண்டு போக ஒரு தள்ளுவண்டி வரும். படம் முடியாதவர்கள் வண்டியில் தொற்றிக்கொண்டு, பள்ளியின் வாசல் வரை கோடு இழுத்துக்கொண்டே போவார்களாம். கதையில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் ‘வண்டியில் இருக்கிறேன்’ என்றால் கெடு நெருக்குகிறது என்று பொருள் ஆகிவிட்டது.

இந்த வண்டிக்குத் தமிழிலும் ஒரு உறவுக்காரர் உண்டு: கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறிவரும் சாரட்டு. அது ஆங்கில ‘சாரியட்’ தமிழுக்கு வந்து எடுத்த வடிவம். சாரியட், ஷரெட், ஏன், கார் உட்பட எல்லாமே லத்தீன் ‘கர்ரூஸ்’ வழிவந்த ஒரே குடும்பம்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கர்கள் இந்தச் சொல்லை மாணவர்களிடமிருந்து எடுத்து மக்களிடம் கொடுத்தார்கள். நகரத் திட்டத்தில் இன்று ஷரெட் என்றால், வடிவமைப்பாளர்களும் பொறியாளர்களும் அந்த வட்டாரத்து மக்களும் அடுத்தடுத்துச் சில நாட்கள் ஓரிடத்தில் கூடி, திட்டத்தைச் சேர்ந்து வரைவது. பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே காலியாகக் கிடக்கும் ஒரு கடையோ பள்ளிக்கூடமோதான் இடம். மேசைமேல் பகுதியின் பெரிய வரைபடம், அதன்மேல் ஊடுதெரியும் தாள், கை நிறையக் கலர் பேனா. மழைத் தண்ணீர் எங்கே தேங்கும், பிள்ளைகள் எந்த இடத்தில் சாலையைக் கடக்கப் பயப்படுகிறார்கள் என்பதைக் குடியிருப்பவர் படத்தில் வட்டம் போட்டுக் காட்டுவார். அன்றிரவே வடிவமைப்பாளர்கள் அதை வைத்துப் புதிதாக வரைவார்கள். மறுநாள் மாலை அது சுவரில் தொங்கும். “நான் சொன்னது இது இல்லையே” என்று யாராவது சொன்னால், மீண்டும் வரைவு. ஒரு முறைக்கு மூன்று முறை இப்படித் திரும்பத் திரும்பக் காட்டித் திருத்துவதில்தான் இதன் சத்தே இருக்கிறது. ஒரே நாளில் டீ, பிஸ்கட்டோடு முடிகிற கூட்டத்துக்கு இந்தப் பெயரை வைப்பது வெறும் பந்தா.

வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் உள்ள கொலம்பியா பைக் சாலை நல்ல உதாரணம். வாஷிங்டனுக்கு ஆற்றின் மறுகரையில், மூன்றரை மைல் நீளம். பல ஆண்டுகளாகப் புதிய கட்டடம் அதிகம் வராமல், முன்னால் கார் நிறுத்துமிடமும் பின்னால் ஒற்றைமாடிக் கடையுமாக நின்றிருந்தது. 2002இல் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகம் அங்கே ஷரெட் நடத்தியது. அதிலிருந்து பிறந்த கட்டட விதிகள் 2003இல் நடைமுறைக்கு வந்தன: கட்டட முகப்பு நடைபாதையை ஒட்டி வர வேண்டும், கார் நிறுத்துமிடம் பின்னால் போக வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை; இந்த விதிப்படி கட்டினால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும், அவ்வளவுதான். அதற்காக அந்தச் சாலையில் சண்டையே வரவில்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே ஓடவிருந்த டிராம், செலவுத் தகராறு முற்றி 2014இல் கைவிடப்பட்டது. இன்னொன்று: ஒரு வாரம் மாலைதோறும் வந்து உட்கார எல்லோராலும் முடியாது. இரண்டு வேலை பார்க்கிற வாடகைக் குடியிருப்பாளர் வரமாட்டார், சொந்த வீட்டுக்காரர் வருவார். இது ஷரெட்டின் பழைய நோய்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கருத்துக் கேட்புக் கூட்டம்’ கைக்கு எட்டும் சொல்தான், ஆனால் பொருந்தாது. அங்கே திட்டம் ஏற்கெனவே தயார். ஆட்சியர் தலைமையில் மைக்கைப் பிடித்து ஆதரவையோ எதிர்ப்பையோ பதிவு செய்யலாம், பேனாவைத் தொட முடியாது. ‘பட்டறை’ பரவாயில்லை, ஆனால் எல்லா வொர்க்‌ஷாப்புக்கும் அதைக் கொடுத்துத் தேய்த்துவிட்டோம். ‘பயிலரங்கு’ என்றால் மக்களுக்கு யாரோ பாடம் நடத்துவது போல ஆகிவிடும். இங்கே பாடம் கற்பது பெரும்பாலும் அதிகாரிகள்.

என் தேர்வு ‘வரைவரங்கு’. கருத்தரங்கு, கவியரங்கு வரிசையில் இயல்பாக உட்காரும். வரைவு என்பதற்கு வரைதலும் உண்டு, இறுதியாகாத முன்வடிவமும் உண்டு. ஷரெட்டில் நடப்பது இரண்டும்தான். (அகப்பொருள் இலக்கணத்தில் வரைவு என்றால் திருமணம். தோழி தலைவனிடம் ‘வரைவு கடாவுவது’ கல்யாணத்தைச் சீக்கிரம் முடி என்று நெருக்குவது. கெடு வைக்கும் வேலை அங்கேயும் உண்டு.) மக்கள் கலந்துகொள்வது என்பதைத் தெளிவாக்க வேண்டிய இடத்தில் ‘மக்கள் வரைவரங்கு’ என்று எழுதலாம். “கடைவீதிச் சீரமைப்புக்கு ஐந்து நாள் மக்கள் வரைவரங்கு நடந்தது” என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை. கட்டடக்கலை அலுவலகங்களில் கெடுவுக்கு முந்தைய ராத்திரி வேலையையும் ஷரெட் என்பார்கள். அதற்கு வரைவரங்கு ஆகாது. பிரெஞ்சுக்காரர் ‘நான் இப்போது ஷரெட்’ என்றால், தமிழில் “கழுத்துவரை வேலை” என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.