சிவப்பான கட்டம், வராத மின்னஞ்சல்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஓர் அக்கா போன மாதம் அழைத்தார். "தம்பி, கட்டம் சிவப்பாத்தான் இருக்கு. மெயில்தான் வரல." சமையல்கட்டில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரின் வேலை பர்மிட் முடிய ஆறே நாள் இருந்தது. பர்மிட் தேதிகளைக் கவனிக்கும் கணினித் தாளிலிருந்து, முப்பது நாள் இருக்கும்போதே அக்காவுக்கு மின்னஞ்சல் போயிருக்க வேண்டும். பர்மிட் தவறினால் குடிநுழைவுச் சட்டப்படி முதலாளிக்கும் சிக்கல்தான். ஆனால் ஊரை விட்டு வந்து அடுப்படியில் நிற்கும் அந்த மனிதருக்கு வருவது பெரிய சிக்கல். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாள் சாதாரணமானது. பர்மிட் முடியும் தேதியிலிருந்து இன்றைய தேதியைக் கழித்து, மீதி நாளைக் காட்டும் கூகுள் ஷீட்ஸ். நாள் குறைந்தால் அந்தக் கட்டம் சிவப்பாகும். அதன் பின்னால் மின்னஞ்சல் அனுப்பும் ஓர் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல். அதை ஓட வைக்கும் விசையான டிரிக்கராக 'ஆன்எடிட்' மாட்டியிருந்தது. கோளாறு அங்கேதான். ஒருவர் கைவைத்துக் கட்டத்தை மாற்றினால்தான் அந்த டிரிக்கர் ஓடும். பொழுது விடிந்து சூத்திரம் 31-ஐ 30 ஆக்கினால் ஓடாது. 'ஆன்சேஞ்ச்' டிரிக்கரும் அப்படித்தான்.

"அன்னைக்கு டெஸ்ட் பண்ணினப்போ வந்துச்சே தம்பி" என்றார். வந்திருக்கும். தேதியைக் கையால் மாற்றித்தானே சோதித்தார்கள்? அது திருத்தம், மின்னஞ்சல் போனது. உண்மையான நாளில் யாரும் தாளைத் தொடவில்லை. நான் பார்த்த பல கடைகளில் ஏமாற்றியது இந்தச் சோதனைதான். சோதிக்கும்போது இன்னும் 31 நாள் இருக்கிற மாதிரி ஒரு தேதியைப் போட்டுவிட்டு, தாளை மூடி, மறுநாள் காலைவரை காத்திருங்கள்.

சரி, மாற்று என்ன? நேர டிரிக்கர். தினமும் காலை 8 முதல் 9 மணிக்குள் ஸ்கிரிப்ட் தானாக எழுந்து, மீதி நாள் நெடுவரிசையைப் படிக்கட்டும். ஸ்கிரிப்டின் நேர மண்டலம் கோலாலம்பூரா என்று பாருங்கள். அது தாளின் அமைப்பிலிருந்து தனி.

இங்கே இன்னொரு பள்ளம் உண்டு. 30-க்குக் கீழ் இறங்கிய எண் மறுநாளும் கீழேயே இருக்கும், மின்னஞ்சலும் நாள் தவறாமல் போகும். பத்தாவது நாள் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 'சரியாக 30' என்று வைத்தாலோ, ஒருநாள் ஸ்கிரிப்ட் தவறினால் அந்த ஆளே விட்டுப்போவார். 30 அல்லது அதற்குக் கீழ் என்றே வையுங்கள். பக்கத்தில் 'அனுப்பிய தேதி' என்று ஒரு நெடுவரிசை போட்டு, மின்னஞ்சல் போன பிறகு ஸ்கிரிப்டே அதை நிரப்பட்டும். நிரம்பியிருந்தால் மறுபடி அனுப்பாது. பர்மிட் புதுப்பித்ததும் அதை அழித்துவிட வேண்டும்.

அப்புறம், சூத்திரத்தில் பிழை வந்தால் ஸ்கிரிப்டுக்கு எண் கிடைக்காது, எழுத்துதான் கிடைக்கும். 30-ஐவிடச் சிறியதா என்று கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரும். அந்தத் தொழிலாளி சத்தமில்லாமல் விடுபடுவார். காலிக் கட்டமோ பூஜ்யமாகக் கணக்காகி வீண் மின்னஞ்சல் அனுப்பும். தாளின் அமைப்பில் வட்டாரம் அமெரிக்கா என்றிருந்தால், ஏப்ரல் 3 என்று நினைத்து எழுதும் 03/04 மார்ச் 4 ஆகிவிடும். எண் அல்லாத எதைக் கண்டாலும் தனியாகத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

டிரிக்கரை யார் கணக்கில் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். பகுதிநேரமாக வந்த பையன் தன் கணக்கில் போட்டிருந்தால், அந்தக் கணக்கு மூடப்படும் நாளில் எல்லாம் நின்றுவிடும். பிழை அறிவிப்பும் அவருக்குத்தான் போகும். கடையின் கணக்கிலேயே போடுங்கள். இலவச ஜிமெயிலில் ஒரு நாளுக்கு 100 பேருக்குத்தான் ஸ்கிரிப்ட் அனுப்பும். சின்னக் கடைக்கு அது தாராளம். கடப்பிதழ் எண்ணை மின்னஞ்சலில் எழுதாதீர்கள், பெயரும் தேதியும் போதும்.

அக்காவின் தாளில் கடைசியாக ஒன்று சேர்த்தேன். திங்கட்கிழமைதோறும், அவசரம் எதுவும் இல்லாவிட்டாலும், 'தாள் பார்க்கப்பட்டது, 11 பேர், பிழை 0' என்று ஒரு வரி வரும். அது வராத திங்களில் அவர் என்னைக் கூப்பிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். அந்தச் சமையல்காரரின் பர்மிட் முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகப் புதுப்பிக்கப்பட்டது.