சௌகார்பேட்டை மாடிகள் கிடங்குகள் அல்ல

மழைக்காலம் தொடங்கியதும் சென்னையில் சௌகார்பேட்டையை உள்ளடக்கிய ஜார்ஜ் டவுனிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே வகை. மச்சிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது, சிமெண்ட் பூசினால் போதுமா என்பார்கள். போய்ப் பார்த்தால், குடும்பம் வாழக் கட்டிய அறையில் கூரை முட்டக் காகிதக் கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். இந்த ஆண்டும் அதே காட்சிதான். கட்டமைப்புப் பொறியாளனாகிய எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டைத் தெருக்களில் திண்ணையும் முற்றமுமாக இருந்த வீடுகளின் வாரிசுகள் பலர் கீழ்ப்பாக்கத்துக்கும் அண்ணா நகருக்கும் போய்விட்டார்கள். ஆண்டர்சன் தெருவில் காகிதம், கோடவுன் தெருவில் துணி என வளர்ந்த மொத்த வணிகம் கீழ்த்தளத்தை நிரப்பியபின் மாடியேறியது. காய்கறிச் சந்தை 1996இல் கொத்தவால் சாவடியை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் இங்கே நெரிசல் குறையவில்லை. வணிகம் மாறுவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் குடியிருந்தவர்கள் போனபோது, மொட்டை மாடித் தட்டோட்டு இடுக்குகளை மழைக்கு முன் அடைத்து, ஒழுகிய மறுநாளே கொத்தனாரை அழைத்த கண்களும் கூடவே போய்விட்டன.

நான் அதிகம் கேட்பது, “சார், சுவர் இரண்டடி தடிமன், நூறு வருஷம் நின்ற வீடு” என்ற வாதம். சுவர் நிற்கும் ஐயா, தாராளமாக நிற்கும். நீங்கள் சரக்கை வைத்திருப்பது சுவரின் மேல் அல்ல, தளத்தின் மேல். அந்த மெட்ராஸ் டெரஸ் தளத்தை, அதாவது செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட பழைய முறைத் தளத்தை, தாங்குபவை தேக்குச் சட்டங்கள். அவற்றின் முனைகள் அதே தடித்த சுவருக்குள் ஈரத்தில் புதைந்து, வெளியே தெரியாமல் மக்குகின்றன. நூறு ஆண்டுகள் அந்தத் தளம் சுமந்தது கட்டிலையும் பீரோவையும் பத்துப் பேரையும்தான். இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டுத் தளத்துக்கான சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. கிடங்குக்குக் குறைந்தது 750 கிலோ. ஏ4 காகிதத்தை ஒரு மீட்டர் உயரம் நெருக்கமாக அடுக்கினாலே 700 கிலோவைத் தாண்டும். நீங்கள் அடுக்குவதோ ஆளுயரம். தேக்கு என்பதால் மரம் மரமாக இல்லாமல் போய்விடாது.

சிமெண்ட் பூச்சைப் பற்றி ஒரே வரி: ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், வேண்டாம். ஷட்டர் வைப்பதற்காக முன்சுவரை இடிப்பவர்கள் தயவுசெய்து இடித்த பிறகு என்னை அழைக்காதீர்கள்.

பழுதுபார்ப்பது யார் என்ற சண்டையும் தீராதது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பழைய வாடகையிலேயே தேங்கிய வீடுகளுக்குச் செலவிட உரிமையாளருக்கு மனமில்லை. பகடி எனப்படும் பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்துக் குடிவந்தவருக்கோ அது தன் வீடில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்துபூர்வ ஒப்பந்தம் கேட்கிறது. அதில் எந்தத் தளத்தில் என்ன சரக்கு, எவ்வளவு உயரம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

கனமான சரக்கைத் தரைத்தளத்துக்கு இறக்குங்கள். தேக்குச் சட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால், அல்லது தளம் நடுவில் தொய்ந்திருந்தால், அன்றே சுமையை எடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மொட்டை மாடியில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி வைக்காதீர்கள். இதையெல்லாம் தள்ளிப் போட்டாலும், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து, இரவில் அந்தக் கட்டுகளுக்கு நடுவிலும் அவற்றின் கீழ் அறையிலும் படுத்துறங்கும் பையன்களுக்கு மட்டும் இன்றே வேறு இடம் பார்த்துக் கொடுங்கள்.