முதல் கோரிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள்

காலை 6 மணிக்குப் புதிய பதிப்பை ஏற்றிவிட்டு, வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கடையொன்றில் இடியப்பத்துக்கு உட்கார்ந்திருந்தேன். 7 மணிக்குத் தொலைபேசி அடித்தது. எங்கள் குழு பராமரித்த மருத்துவச் சனலிங் தளத்தில், அதாவது மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்யும் இணையத்தளத்தில், இலக்கங்கள் திறக்கும் நேரம் அது. திறந்த மறுநிமிடமே தளம் உறைந்துவிட்டது. தாயை வவுனியாவிலிருந்து கொழும்புக்கு அழைத்துவரக் காத்திருந்த ஒரு மகள், இலக்கம் கிடைக்குமா என்று தெரியாமல் பஸ் ஏறுவதா வேண்டாமா எனத் தவித்திருக்கிறார். அந்தத் தவிப்புக்கு எங்கள் கவனக்குறைவே காரணம்.

சேர்வர் தொடங்கிவிட்டதாகப் பதிவேட்டில் ஒரு வரி இருந்தது. அதை நம்பினோம். ஆனால் தரவுத்தள இணைப்புத் தொகுப்பை, அதாவது தரவுத்தளத்துக்கான இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிர்ந்துகொள்ளும் கூறை, பயனரிடமிருந்து முதல் கோரிக்கை வரும்போதுதான் உருவாக்கும்படி எழுதியிருந்தோம். ‘இன்னும் உருவாகவில்லையா? உருவாக்கு’ என்ற அந்தச் சோதனைக்கு, ஒன்று முடியும்வரை மற்றவற்றைக் காக்கவைக்கும் பூட்டு எதுவும் இல்லை. ஒரே நொடியில் வந்த கோரிக்கைகள் அனைத்தும் ‘இல்லை’ என்ற பதிலையே கண்டு, ஆளுக்கொரு தொகுப்பைக் கட்டத் தொடங்கின. நாங்கள் பயன்படுத்திய ஹிகாரி என்ற தொகுப்பு மென்பொருளின் இயல்பு அளவு 10 இணைப்புகள். எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிப்பது 100. அதிலும் 3 நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டவை. பத்தாவது தொகுப்பு நிரம்பும் முன்பே தரவுத்தளம் கதவைச் சாத்திவிட்டது.

பூட்டுப் போட்டிருந்தால் இந்த மோதல் நடந்திருக்காது. ஆனாலும் முதலில் வந்தவர்கள் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கும். ஆட்கள் வருமுன்னரே வேலையை முடிப்பதுதான் சரி. ஜாவாவில் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் நிரல் கூறான செர்வ்லெட்டில் ‘லோட் ஆன் ஸ்டார்ட்அப்’ என்ற அமைப்புக்குப் பூச்சியமோ அதற்கு மேலோ எண் கொடுத்தால், செயலி தொடங்கும்போதே அந்தக் கூறும் தயாராகும். சிறிய எண்ணுக்கு முதலிடம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அவ்வாறு தொடங்கும் செர்வ்லெட் தோற்றுப்போனாலும், செர்வ்லெட்டுகளை இயக்கும் சேர்வரான டொம்கேட் இயல்பாகச் செயலியை நிறுத்தாது. மற்றப் பக்கங்கள் திறக்கும். எல்லாம் நலம் போலத் தோன்றும். ஆகவே இணைப்புத் தொகுப்பு, மறைகுறி விசைகள் போன்ற பொதுவான கூறுகளை நான் செர்வ்லெட்டுகளில் வைப்பதில்லை. செயலியின் தொடக்கத்தைக் கவனிக்கும் ‘கொன்டெக்ஸ்ட் லிசனர்’ அவற்றுக்கு உரிய இடம். அதில் பிழை எழுந்தால் அந்தச் செயலியே தொடங்காது. விடியற்காலையில் எங்கள் கண்முன் விழுந்திருக்க வேண்டிய பிழை, 7 மணிக்கு நோயாளிகளின் முன் விழுந்தது. செயலி நிற்கும்போது இணைப்புகளை மூடுவதற்கும் அந்த லிசனரே இடம் தருகிறது.

தொடக்கம் மெதுவாகிறது என்று இளம் பொறியியலாளர்கள் முறையிடுகிறார்கள். ஜாவா செயலிகளைக் கட்டப் பயன்படும் ஸ்பிரிங் பூட்டில் 2.2 பதிப்பு முதல், எல்லாக் கூறுகளையும் தேவைப்படும்போது மட்டும் உருவாக்கும் வசதி இருக்கிறது. உங்கள் சொந்தக் கணினியில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மக்கள் பயன்படுத்தும் சேர்வரில் வேண்டாம். அமைப்புப் பிழைகள் ஒளிந்துகொள்ள அது இடம் கொடுக்கிறது. செயலிகளைப் பல கணினிகளில் இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் பயன்படுத்துவோர், தயார்நிலைச் சோதனை வெற்றி பெற்ற பின்னரே கோரிக்கைகளை அனுப்பும்படி அமைக்கலாம். அந்தச் சோதனை, சேர்வர் கோரிக்கைகளை ஏற்கும் துறை (port) திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. தரவுத்தளத்திடம் ஒரு சிறு வினாவாவது கேட்டுத் தொகுப்பு ஆயத்தமாகிவிட்டதை உறுதிசெய்ய வேண்டும்.

இன்றே உங்கள் சோதனைச் சூழலில் தரவுத்தளக் கடவுச்சொல்லை வேண்டுமென்றே பிழையாக மாற்றி, சேர்வரைத் தொடக்கிப் பாருங்கள். அது முறைப்பாடு எதுவுமின்றி எழுந்து நின்றால், அடுத்த பதிப்பை ஏற்றுவதற்கு முன் அதைத் திருத்திவிடுங்கள்.