மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?

மார்பகப் புற்றுநோய் எலும்பு வரை பரவிய பாட்டி ஒருவருக்கு மகன் தானாகவே வலிக்கான மார்ஃபின் மாத்திரையை நிறுத்திவிட்டார். "செத்துப்போன பெரியம்மா வாசல்ல நிக்கிறாங்கன்னு சொல்றாங்க சிஸ்டர், மாத்திரைதான் மூளையைக் கலக்குது." மறுநாள் நான் போனபோது பெரியம்மா அப்போதும் வாசலில்தான் நின்றார், கூடவே வலியும் வந்து சேர்ந்திருந்தது.

வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்சுகளுக்கு இது சலித்துப்போன கதை. சாவு நெருங்கும்போது இறந்த சொந்தங்கள் வருவதும், ஊருக்குக் கிளம்புவதும் கனவில் மட்டுமல்ல, விழித்திருக்கும்போதும் நடக்கும். அமெரிக்காவில் சாவை நெருங்கும் நோயாளிகளைக் கவனிக்கும் பஃபலோ ஹாஸ்பிஸில் டாக்டர் கிறிஸ்டோபர் கெர் குழுவினர் 59 நோயாளிகளிடம் தினமும் கேட்டு, 2014இல் வெளியிட்டார்கள். சுமார் 88 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது வந்திருந்தது. புத்தி தடுமாறியவர்களை அவர்கள் சேர்க்கவேயில்லை. அதிக ஆறுதல் தந்ததும் இறந்தவர்கள் வந்த கனவுகள்தான்.

சரி, மார்ஃபினால் பிரமை வராதா? வரும். ஆனால் அதன் லட்சணமே வேறு. டோஸ் ஏற்றியதும், அல்லது சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வரும். கைகால் வெட்டி இழுக்கும், பேசும்போதே தூங்கி விழுவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். இந்தப் பாட்டியோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், மதியம் குடித்தது என்ன கஞ்சி என்று சொன்னார். மாத்திரைதான் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும் அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ டாக்டர் வேலை. சட்டென்று நிறுத்தினால் வலியோடு வியர்வை, பேதி, பதற்றம் எல்லாம் வரும்.

எங்கள் ஆட்களுக்கும் ஒன்று: கேஸ் ஷீட்டில் 'இர்ரெலவன்ட் டாக்' (சம்பந்தமில்லாத பேச்சு) என்று கிறுக்காதீர்கள். அதைப் படிக்கும் டியூட்டி டாக்டர் பிரமைக்குத் தரும் ஹாலோபெரிடால் மருந்தை எழுதிவிட்டுப் போவார். நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் "அவங்க செத்து இருபது வருஷமாச்சு" என்று வாதாட வேண்டாம். "ஆமா, எனக்கும் தெரியுது" என்று நடிக்கவும் வேண்டாம். "என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள், போதும். கேட்க ஆள் இருந்தால் பலர் அமைதியாகிவிடுவார்கள்.

எல்லாக் கனவும் இதமானதல்ல. பயந்து அலறினால், பெற்ற பிள்ளையையே தெரியாமல் போனால், படுக்கையை விட்டு எழுந்து ஓடப் பார்த்தால் உடனே போன் செய்யுங்கள், நடுராத்திரி ஆனாலும் சரி. சிறுநீர் அடைத்திருக்கலாம், மலம் இறுகியிருக்கலாம், காய்ச்சல் இருக்கலாம். பல நேரம் சரிசெய்யக்கூடியவைதான். நாங்கள் வரும்வரை, தயவுசெய்து, கையைக் கட்டிலோடு கட்டாதீர்கள்.