ஷேக் கையெழுத்து மட்டும் போதாது: வளைகுடாக் கடல் எண்ணெய்க்கு பிரிட்டன் போட்ட நிபந்தனைகள்

அபுதாபி, கத்தார், பஹ்ரைன் எல்லாம் 1971 வரை, குவைத் 1961 வரை, பிரிட்டனின் 'பாதுகாப்பில் உள்ள நாடுகள்'. இந்தியா மாதிரி நேரடி ஆட்சி கிடையாது. ஊருக்குள் வரி, நீதி, நிர்வாகம் எல்லாம் ஷேக் பார்த்துக்கொள்வார், வெளிநாட்டு விவகாரமும் பாதுகாப்பும் பிரிட்டன் கையில். சரி, அப்படியானால் ஒரு கம்பெனி வந்து கடலுக்கடியில் எண்ணெய் தோண்ட வேண்டுமென்றால் யாரிடம் போக வேண்டும்? ரெண்டு பேரிடமும். நிலத்துக்காரர் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகும் கலெக்டர் ஆபீஸ் தடையில்லாச் சான்று இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாதே, அந்தக் கதைதான். இங்கே கலெக்டர் உட்கார்ந்திருந்தது வேறொரு நாட்டுக்காக, அது ஒன்றுதான் வித்தியாசம்.

இந்தப் பிடி எண்ணெய்க்கு முன்பே ஆரம்பித்தது. இன்றைய அமீரகப் பகுதி ஷேக்குகள் 1892-ல் போட்ட ஒப்பந்தப்படி, தங்கள் மண்ணில் எந்தப் பகுதியையும் பிரிட்டனைத் தவிர வேறு யாருக்கும் விற்கவோ, அடகு வைக்கவோ, குடியிருக்கக் கொடுக்கவோ கூடாது. எண்ணெய் வாசனை அடிக்க ஆரம்பித்ததும் அதற்குத் தனியாகக் கடிதம் வாங்கிக்கொண்டார்கள்: 1913-ல் குவைத், 1914-ல் பஹ்ரைன், 1922-ல் அமீரகப் பகுதி ஷேக்குகள். பிரிட்டிஷ் அரசு கைகாட்டும் ஆளைத் தவிர வேறு யாருக்கும் எண்ணெய் உரிமை தரமாட்டோம் என்பதுதான் அதன் சாரம். கத்தாருக்கு இதே மாதிரிக் கட்டுப்பாடு 1916 ஒப்பந்தத்துக்குள்ளேயே இருந்தது.

அதனால் ஒவ்வொரு உரிமத்துக்கும் ரெண்டு பத்திரம். முதலாவது ஷேக்கும் கம்பெனியும் போடுவது: எவ்வளவு பரப்பு, எத்தனை வருஷம், கையெழுத்தான அன்று எவ்வளவு பணம், டன்னுக்கு எவ்வளவு. 1935 கத்தார் ஒப்பந்தத்தில் கையெழுத்துத் தொகை 4 லட்சம், டன்னுக்கு 3. பவுண்டு இல்லை, டாலர் இல்லை, நம்ம ரூபாய்தான். அந்தக் கரையில் அன்றைக்குப் புழங்கிய காசு அதுதான். 1947 வரை அங்கே இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளும் இந்திய அரசின் கீழ்தான் வேலை பார்த்தார்கள். இரண்டாவது பத்திரம் கம்பெனியும் பிரிட்டிஷ் அரசும் போடுவது. இதற்குப் பெயர் அரசியல் ஒப்பந்தம். ஷேக் இதில் ஒரு தரப்பே கிடையாது. ஆனால் 1934-ல் குவைத்துக்குப் போட்டது மாதிரியான ஒப்பந்தங்களில், ரெண்டு பத்திரமும் முரண்பட்டால் பிரிட்டன் போட்டதே செல்லும் என்ற ஏற்பாடு இருந்தது. தன் மண்ணின் உரிமையை வைத்து, தான் கையெழுத்தே போடாத ஒரு காகிதம் தன் ஒப்பந்தத்தை மடக்கும் என்றால் ஷேக்குக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த இரண்டாவது பத்திரத்தில் வழக்கமாக என்ன இருக்கும்? கம்பெனி பிரிட்டிஷ் சட்டத்தின் கீழ் பதிவானதாக இருக்க வேண்டும், லண்டன் சம்மதம் இல்லாமல் உரிமையைக் கைமாற்றக் கூடாது. (இதைச் சுற்றிப் போக வழி இருந்தது. பஹ்ரைனுக்கு வந்தது கலிபோர்னியாக் கம்பெனி. அது 1929-ல் கனடாவில் ஒரு துணை நிறுவனத்தைப் பதிவு செய்தது. கனடா பிரிட்டிஷ் பேரரசுக்குள்தானே, கணக்கு சரியாகிவிட்டது. 1932-ல் எண்ணெயும் கிடைத்தது.) கம்பெனியின் உள்ளூர்த் தலைமைப் பிரதிநிதியை பிரிட்டன் ஏற்க வேண்டும். அவர் ஷேக்கோடு பேசுவது அரசியல் முகவர், அதாவது அங்கே இருந்த பிரிட்டிஷ் அரசின் அதிகாரி வழியாக. போர், நெருக்கடி என்று வந்தால் எண்ணெயை முதலில் வாங்கும் உரிமை பிரிட்டனுக்கு.

வேலைக்கு ஆள் எடுப்பதற்கும் நிபந்தனை உண்டு. வேலை கெடாத அளவுக்கு, ஷேக்கின் குடிமக்களையும் பிரிட்டிஷ் குடிமக்களையுமே எடுக்க வேண்டும். அன்றைய கணக்கில் இந்தியர்களும் பிரிட்டிஷ் குடிமக்கள். எழுத்தர், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் வேலைகளுக்கு 1930-களிலேயே பஹ்ரைன் எண்ணெய்க் கம்பெனிக்கு இந்தியர்கள் போக இந்த நிபந்தனை ஒரு முக்கியக் காரணம். பக்கத்திலேயே பாரசீகத் தொழிலாளிகள் இருந்தும், ஈரானுக்கு பஹ்ரைன் மேல் உரிமைக் கோரிக்கை இருந்ததால் பிரிட்டன் அவர்களை விரும்பவில்லை. வளைகுடா வேலை என்றாலே எல்லோரும் எழுபதுகளைத்தான் சொல்கிறோம், அதற்கு நாற்பது வருஷம் முன்பே ஒரு நிபந்தனை கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தது.

இதுவரை சொன்னது தரைக்கும் கடலுக்கும் பொது. கடலில் சிக்கல் வேறு மாதிரி. அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1945 செப்டம்பரில் கரையை ஒட்டிய கண்டத்திட்டின் (நிலத்தின் தொடர்ச்சியாகக் கடலுக்கடியில் நீளும் ஆழமில்லாத பகுதி) வளம் எங்களுக்கே என்று அறிவித்தார். 1949 மே மாதம் சவூதி அதே மாதிரி ஒன்றை வெளியிட்டது. அடுத்த மாதமே பிரிட்டனின் வழிகாட்டுதலில் அபுதாபி, கத்தார், பஹ்ரைன், குவைத், துபாய் என்று வரிசையாக அறிவிப்புகள் வந்தன. கடலடி நிலம் எங்களுடையது, ஆனால் மேலே உள்ள தண்ணீர் பொதுக்கடல்தான், மீன்பிடியும் முத்துக்குளிப்பும் பழையபடி நடக்கும், பக்கத்து நாட்டு எல்லை பிற்பாடு நியாயமான அடிப்படையில் பேசித் தீர்க்கப்படும் என்று அவற்றில் இருந்தது. இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வம்பு முழுக்க அங்கேதான்.

அப்புறம் ஒரு வழக்கு. அபுதாபியில் 1939-ல் 75 வருஷ உரிமம் வாங்கிய கம்பெனி, கடலடியும் எங்களுடையதுதான் என்றது. அபுதாபி ஆட்சியாளர் ஷேக் ஷக்பூத், 1939-ல் கடலடியைப் பற்றி யார் பேசினார்கள், நான் கொடுக்காததை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்ற நிலையில் நின்றார். 1951-ல் நடுவர் அஸ்குவித் பிரபு தீர்ப்பு சொன்னார்: 3 மைல் கரைக்கடல் வரை கம்பெனிக்கு, அதைத் தாண்டிய கண்டத்திட்டு கிடையாது. கத்தாரிலும் 1950-ல் இதே போக்கில்தான் தீர்ப்பு. ஷேக்குகளுக்கு அது பெரிய வெற்றி, ஒரே நாட்டில் ரெண்டாவது உரிமத்தை வேறு கம்பெனிக்கு விற்கலாம் என்றாகிவிட்டது. அந்தக் கடல் உரிமத்துக்கு முதலில் வந்த அமெரிக்கக் கம்பெனியான சுப்பீரியர் 1952-ல் கிளம்பிவிட்டது. கத்தார் கடல் அதே வருஷம் ஷெல்லுக்குப் போனது. அபுதாபி கடலை 1953-ல் இன்றைய பிபி எடுத்தது, 65 வருஷத்துக்கு. அந்தக் கடலில் உள்ள உம் ஷயீஃப் வயலில் 1958-ல் எண்ணெய் கிடைத்து, 1962-ல் தாஸ் தீவிலிருந்து முதல் கப்பல் கிளம்பியது.

நிபந்தனையின் பல் உண்மையில் கடித்தது 1970-ல். இன்றைய அமீரகத்தின் ஒரு பகுதியான உம் அல் குவைன் 1969 நவம்பரில் ஆக்சிடெண்டல் கம்பெனிக்குக் கடல் உரிமை கொடுத்தது, பிரிட்டனும் ஒப்புதல் கொடுத்திருந்தது. கம்பெனி தோண்டத் தேர்ந்தெடுத்த இடம் அபு மூசா தீவிலிருந்து ஏறக்குறைய 9 மைல். தீவு ஷார்ஜாவுடையது, ஈரானும் அதற்கு உரிமை கோரியது. ஷார்ஜா தன் கரைக்கடலை 3 மைலிலிருந்து 12 ஆக்கி, 1969 செப்டம்பர் தேதி போட்ட ஓர் ஆணையை எடுத்துக் காட்டியது. ஈரானும் அதே இடத்தைக் கேட்டது. தோண்டும் மேடை அங்கே போகாமல் தடுக்க ஜூன் மாதம் பிரிட்டிஷ் கடற்படையே வந்தது. உரிமம் கையில் இருக்கிறது, சம்மதமும் வாங்கியாகிவிட்டது, ஆனால் எல்லைத் தகராறு என்று வந்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் லண்டனிடம் இருந்தது. கடைசியில் 1974-ல் அங்கே எண்ணெய் எடுத்தது ஷார்ஜாவிடம் உரிமம் வாங்கிய கம்பெனி. 1971 நவம்பரில் ஷார்ஜாவும் ஈரானும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி வருமானம் இருவருக்கும் சரிபாதி.

1971 டிசம்பருக்குள் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் எல்லாம் முடிந்தன, அரசியல் ஒப்பந்தம் என்ற அந்த இரண்டாவது பத்திரத்துக்கும் வேலை இல்லாமல் போனது. முதல் பத்திரம் மட்டும், பங்கு விகிதம் எல்லாம் மாறி, அபுதாபியின் அரசு நிறுவனமே பெரும்பங்கைக் கையில் எடுத்த பிறகும், ஓடிக்கொண்டே இருந்தது. 1953-ல் போட்ட 65 வருஷக் கெடு 2018 மார்ச்சில் தீர்ந்தது. அந்தப் பரப்பிலிருந்த கீழ் ஸகூம் வயலை அபுதாபி மறுபடி ஏலம் போடுவது மாதிரி பங்கு பிரித்துக் கொடுத்தபோது, இந்திய அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி விதேஷ் தலைமையிலான இந்தியக் கூட்டணி 40 வருஷத்துக்கு 10 சதவீதம் வாங்கியது. நுழைவுத் தொகை 60 கோடி டாலர். இந்த முறை ரூபாயில் இல்லை.