காப்பகம் வேண்டாம் என்று மனு எழுதும் முன்

வார்டில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடம் வீடற்றோர் காப்பகமாகப் போகிறது என்று பேச்சு கிளம்பினால் போதும், இரண்டே நாளில் மனு தயாராகிவிடும். பெண் பிள்ளைகள் டியூஷன் போய்வரும் தெரு, குடித்துவிட்டு வருவார்கள், திருட்டு நடக்கும், மாடிக்கு வாடகைக்கு ஆள் வராது. சென்னைக் காப்பகங்களில் சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு இந்த வரிகள் மனப்பாடம். கையெழுத்துப் போட்டவர்களை ஈரமில்லாதவர்கள் என்று நான் நினைத்ததில்லை. அவர்கள் சொல்வதில் நிஜமான சிரமமும் இருக்கிறது. அந்தச் சிரமம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

ஆண்கள் காப்பகத்தில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கிறவர்கள். மண்டபங்களில் பந்தி பரிமாறுகிறவர்கள், லோடு இறக்குகிறவர்கள், வாட்ச்மேன் வேலை போனதும் அதோடு படுக்க இடமும் போனவர்கள். பிள்ளைகள் வீட்டில் ஒட்டாமல் வெளியே வந்த பெரியவர்களும் உண்டு. பெண்கள் காப்பகத்துக்கு அடி தாங்காமல் கைக்குழந்தையோடு வருவார்கள். அரசு மருத்துவமனைகளை ஒட்டியுள்ள காப்பகங்களில் தங்குவது வெளியூர் நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள்.

சரி, புகார் எப்படி முளைக்கிறது? முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் போனவர் ரிசப்ஷன் முடிந்து, அண்டா குண்டா எல்லாம் கழுவி வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். காப்பகக் கேட்டைப் பத்து மணிக்கே பூட்டினால் அவர் பக்கத்துக் கடை வாசலில்தான் படுப்பார். காலையில் ஷட்டரைத் தூக்க வரும் கடைக்காரர், "உங்க ஆளு இங்க படுத்திருக்காரு சார்" என்று போன் செய்வார். அதேபோல விடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டால், கால் வீங்கிய பெரியவர் எதிர்வீட்டுப் படியில் உட்காராமல் வேறென்ன செய்வார்?

அப்புறம் அவர்கள் கையோடு வைத்திருக்கும் பை. அறுபதைத் தாண்டிய ஒருவர் தன் சாக்குப் பையை எனக்குப் பிரித்துக் காட்டியிருக்கிறார். ஒரு லுங்கி, ஒரு போர்வை, பாலித்தீன் கவரில் மூன்றாக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு, சுகர் மாத்திரை, மகளின் கல்யாணப் பத்திரிகை. வைத்துப் பூட்ட லாக்கர் இல்லையென்றால் அந்தப் பை கரண்ட் பாக்ஸுக்குப் பின்னால் போகும். குப்பை என்று யாராவது அள்ளிப்போட்டால் அவருடைய வைத்தியமே திரும்ப முதலிலிருந்து. தெருவாசிக்கு அது அசிங்கம், அவருக்கோ அதுதான் அவரிடம் இருப்பதெல்லாம். ஒரு லாக்கர் இரண்டு பேர் பிரச்சினையையும் தீர்த்துவிடும்.

காப்பகம் அரைகுறையாக நடக்கும்போதுதான் தெருவுக்குத் தொல்லை. முழுதாக நடக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்றது. 2013இல் வந்த மத்திய அரசுத் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல், தலைக்கு 50 சதுர அடி இடம், கழிப்பறை, சமையலறை, லாக்கர், ஷிஃப்ட் முறையில் பராமரிப்பாளர்கள் எனப் பட்டியலே போடுகிறது. மனு எழுதுவதென்றால் இதை எழுதுங்கள். இரவு ஷிஃப்டில் யார், எந்த எண்ணில் கிடைப்பார், கழிவுநீர் எங்கே போகிறது, எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை என்று, கிராம சபை போல நகரத்தில் நடக்கும் பகுதி சபா கூட்டத்தில் கேளுங்கள். குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்பவரைப் பற்றியும் சொல்லுங்கள், மறைக்க வேண்டியதில்லை. காப்பகத்தில் இருப்பவருக்குப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, கேள்வி கேட்க ஒரு பொறுப்பாளர் இருக்கிறார்.

"ஊருக்கு வெளியே ஒரு இடத்தைப் பார்த்துக் கட்டிக் குடுத்துடலாமே தம்பி?" என்று கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார். நியாயமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் லோடு இறக்குகிறவர் வேலை செய்யும் கோயம்பேடு மார்க்கெட்டில் லாரி வந்து நிற்பது நடுராத்திரியில், அந்த நேரத்துக்குப் பஸ் ஏது? வீடற்றவர்கள் அதிகம் இருக்கும் இடத்துக்கும் வேலையிடத்துக்கும் பக்கத்தில்தான் காப்பகம் அமைய வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்வது அதனால்தான். தூரத்தில் கட்டினால் கட்டடம் காலியாகக் கிடக்கும், ஆட்கள் பழையபடி உங்கள் தெருவிலேயே படுப்பார்கள்.

சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய வால்டாக்ஸ் ரோடு பக்கம் தலைமுறைகளாக நடைபாதையில் வாழும் குடும்பங்கள் கதை வேறு. கணவன் ஓரிடம், மனைவியும் பிள்ளையும் ஓரிடம் என்று பிரிக்கும் காப்பகம் அவர்களுக்குத் தீர்வல்ல. அவர்களுக்கு வேண்டியது பிழைப்புக்கு எட்டும் தூரத்தில் ஒரு வீடு.

இன்னொன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். தெருவில் திரிபவரை வண்டியில் ஏற்றி வேறு ஏரியாவில் இறக்கிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உதவி என்று நினைத்துச் செய்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அவருக்கு டீ கொடுத்த கடை, அவர் முகம் தெரிந்த நாலு பேர் எல்லாமே ஒரே ராத்திரியில் போய்விடும். குடும்பம் தேடி வந்தாலும் ஆள் கிடைக்கமாட்டார்.

அதற்குப் பதில் சென்னை மாநகராட்சியின் 1913க்குக் கூப்பிட்டுத் தகவல் சொல்லுங்கள். ஆணா பெண்ணா, வயது ஏறக்குறைய எவ்வளவு, காயம் உண்டா, எந்த மொழி பேசுகிறார், பக்கத்தில் என்ன கடை இருக்கிறது என்பது தெரிந்தால் வருகிறவர்கள் அலைய வேண்டியதில்லை. காயத்தில் புழு வைத்திருந்தாலோ மயங்கிக் கிடந்தாலோ முதலில் 108. போட்டோ எடுத்து அப்பார்ட்மென்ட் குரூப்பில் போடுவதால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை.

மனநலம் குன்றித் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் திரிபவர் என்றால் காவல் நிலையத்துக்குச் சொல்லலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100இன்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோவது நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தையும் தேட வேண்டும். "இதெல்லாம் எங்க வேலை இல்லைங்க" என்று பதில் வந்தால், சண்டை போட வேண்டாம். பிரிவு எண்ணைச் சொல்லிவிட்டு, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, எழுத்தில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.